வளவுக்குள் கார் நிறுத்த இடம் காணாது: வீட்டுப் பிளானுக்குத் தரிப்பிடத் தளர்வு கேட்பது எப்படி

மேல்மாடி எடுக்கவோ பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவோ பிளான் கொடுக்கிறீர்கள். சில வாரம் கழித்து ‘வாகனத் தரிப்பிடம் போதாது’ என்று ஒரு கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், வரைஞரைத் திட்டி, தெரிந்த ஆளைத் தேடி, கடைசியில் பிளான் இல்லாமலே தூண் எழுப்பிவிட்டவர்களை வவுனியாவில் நிறையப் பார்த்துவிட்டேன். சில வருடங்கள் ஒரு படவரைஞரிடம் வேலை செய்தேன், பிறகும் சொந்தக்காரர், அயலவர் என்று பலருடைய கோப்புகளோடு உள்ளூராட்சிச் சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் இடறுவது சட்டத்தில் இல்லை, வேலைகளைச் செய்யும் வரிசையில். அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்கள் காணி எந்த விதிக்குள் வருகிறது என்று முதலில் கேளுங்கள்

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் ‘அபிவிருத்திப் பகுதி’ என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு. 2021 ஜூலை 8 அன்று 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த திட்டமிடல் ஒழுங்குவிதிகள் அவை. தரிப்பிடக் கணக்கு அட்டவணையும் அதற்குள்தான் இருக்கிறது. அறிவிக்கப்படாத இடங்களில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் உள்ளூராட்சிச் சபையின் விதிகளும் பேசும்.

இதை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்றால், தளர்வை, அதாவது தரிப்பிட விதியிலிருந்து விலக்கை, யாரிடம் கேட்பது என்பதே இதில்தான் தீர்மானமாகிறது. வவுனியா மாநகர சபைக்குள் இருப்பவரின் பாதையும் நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ உள்ளூர் ஒழுங்கையில் இருப்பவரின் பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காணிக்காரருக்கு ஒரு சிக்கலும் இல்லாமல் பாஸ் ஆனது என்பதை வைத்து உங்களுடையதும் ஆகும் என்று நினைக்காதீர்கள். அவருடைய பிளான் எந்த வருடத்தில் போனது, எத்தனை குடும்பத்துக்கு என்று போனது என்று பார்த்தால் வேறு கதையாக இருக்கும்.

வேலை ஒன்றுதான்: உங்கள் நில அளவைப் படத்தின் போட்டோகொப்பியோடு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய், ‘இந்தக் காணி அபிவிருத்திப் பகுதிக்குள்ளா, எந்த அட்டவணைப்படி தரிப்பிடம் எண்ணுகிறீர்கள்’ என்று கேட்டு, அவர் சொல்லும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அவர் களத்தில் நிற்பார், ஆகவே பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

2. காணிப் பத்திரத்தை ஒழுங்காக்குங்கள்

வன்னியில் பாதிக் கோப்புகள் நிற்பது இங்கேதான், தரிப்பிடத்தில் அல்ல.

உறுதிக் காணி என்றால் உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு. இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதற்குக் காணியின் பழைய விபரம் ஏதாவது கையில் இருந்தால் தேடுவது சுலபம்.

அனுமதிப்பத்திரக் காணி என்றால் கதை வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணி அது, அதில் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் பெரிதாக எதுவும் நகராது. பத்திரம் இன்னும் காலமான அப்பப்பாவின் பெயரில் இருக்கிறதா? காணி அடுத்து யாருக்கு என்று காட்டும் பின்னுரித்தாளர் பதிவை முதலில் முடியுங்கள். பத்திரமே இல்லை என்றாலும் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பதிவு இருக்கும், அதிலிருந்து தொடங்கலாம்.

தளர்வு என்பது விதியிலிருந்து விலக்குத் தருவது. காணி யாருடையது என்றே தெளிவில்லாத ஒருவருக்கு எந்தத் திட்டமிடல் குழுவும் விலக்குத் தராது. ஆகவே இதை முடிக்காமல் தரிப்பிடம் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

3. எத்தனை தரிப்பிடம் தேவை என்று எண்ணுங்கள்

அட்டவணை உங்களிடம் எத்தனை வாகனம் இருக்கிறது என்று கேட்பதில்லை. எத்தனை குடியிருப்பு அலகு, எவ்வளவு தளப்பரப்பு, என்ன பயன்பாடு என்றுதான் கேட்கிறது.

இங்கே இரண்டு பெரிய பிழைகள் நடக்கின்றன.

ஒன்று, குசினி. மேல்மாடிக்குத் தனிக் குசினியும் வெளியால் தனிப் படியும் போட்டால் அது இரண்டாவது அலகாக எண்ணப்படும், அதற்குத் தனித் தரிப்பிடம் கேட்பார்கள். மகளுக்கு என்று கட்டுகிறீர்கள், இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில்தான் சமைக்கப்போகிறது என்றால் படியை உள்ளே வைத்து ஒரே வீடாக வரையச் சொல்லுங்கள். தளர்வே தேவைப்படாமல் போகலாம். ஆனால் ஒரே வீடு என்று வரைந்துவிட்டுப் பிறகு மேலே குசினி கட்டுவது வேண்டாம், பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்று கடைசியில் தரும் இணக்கச் சான்றிதழுக்கு வரும்போது அது பிடிபடும், அப்போது திருத்துவதற்கு இடமும் இருக்காது, காசும் இருக்காது.

இரண்டு, முன்னறையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. வரைபடத்தில் ‘கடை’ என்று ஒரு சொல் விழுந்த உடனே கணக்கு வீட்டுக் கணக்காக இருக்காது. கடை இப்போதைக்கு வேண்டாம் என்றால் அதை வரையாதீர்கள். வேண்டும் என்றால் அதற்குரிய இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

4. ரேப்பை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்குங்கள்

பிளான் வரைய முன்பு இதைச் செய்ய வேண்டும். பிளான் வரைந்த பிறகு அளந்தால் மிஞ்சிய இடத்தைத்தான் அளப்பீர்கள்.

ஒரு வளவை அப்படியே காட்டுகிறேன். குருமன்காட்டுப் பக்கம் ஒரு அக்காவின் காணி. அகலம் 10 மீற்றர், நீளம் 20 மீற்றர், 8 பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் 3 மீற்றர் ஒழுங்கை. வீட்டின் முன்சுவருக்கும் மதிலுக்கும் இடையில் 3.4 மீற்றர். கிணறு பின்மூலையில். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார், அதாவது சுமார் 15 மீற்றர். 20 மீற்றர் நீளக் காணியில் கிணறு பின்னால் இருந்தால் குழி முன்னால்தான் வர முடியும். வந்தது, முன்வாசலுக்கு வலப்பக்கம், மூடியோடு.

மேலே மகளுக்குத் தனிக் குசினியோடு ஒரு வீடு. இரண்டு அலகு, இரண்டு தரிப்பிடம் கேட்டார்கள்.

ஒரு காருக்கு 4.8 மீற்றர் நீளம், 2.4 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டு சுண்ணாம்பால் நிலத்தில் கட்டம் போட்டோம். ஒழுங்கைக்குச் சமாந்தரமாக இடப்பக்கம் ஒன்று சரியாக விழுந்தது. வலப்பக்கம் போட்டால் கட்டம் வாசற்படியிலும் குழி மூடியிலும் ஏறியது. நேராக உள்ளே விடலாமா என்று பார்த்தால் 3.4 மீற்றரில் காரின் பின்பக்கம் ஒழுங்கையில் நிற்கும். பக்கச் சந்து 1.6 மீற்றர், மோட்டார் சைக்கிள் போகும், ஆட்டோ போகாது.

அப்போதுதான் தெரிந்தது, அந்தக் காணியில் ஒன்று வைக்க முடியும், இரண்டாவது முடியாது, முடியாததற்குக் காரணம் கிணறும் குழியும் ஒழுங்கையின் அகலமும். முழு விண்ணப்பமும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது.

நீங்களும் இதேபோல் எழுதுங்கள்: காணியின் அகலம், நீளம், ஒழுங்கையின் அகலம் மூன்று இடத்தில், கேற் திறக்கும் அகலம், கிணறு, குழி, பெரிய மரம், மின்கம்பம், மதகு. ஒவ்வொன்றுக்கும் ரேப் பிடித்தபடி ஒரு படம் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீதிக்கோட்டுக்குள் விழும் நிலத்தைத் தரிப்பிடமாகக் காட்டாதீர்கள். வீதி அகலிக்கும்போது போகப்போகிற நிலம் அது. சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்த பிறகே முன்வளவை அளக்கத் தொடங்குங்கள். ஏ9, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி போன்ற பெருந்தெருக்களின் முகப்பில் காணி இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கோடும் வேண்டும், கேற்றை அந்தப் பக்கம் வைக்கலாமா என்பதும் அவர்களோடு பேசும் விடயம்.

5. மாற்று வழிகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடுங்கள்

‘வேறு வழி பார்த்தீர்களா’ என்று கட்டாயம் கேட்பார்கள். பார்த்துவிட்டுப் போனவருக்கும் பார்க்காமல் போனவருக்கும் அந்த இடத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

கேற்றை மாற்றலாமா என்று பாருங்கள். அந்த அக்கா வீட்டில் முதல் காரே உள்ளே வராமல் இருந்தது, மதிலை உடைத்து 5.5 மீற்றருக்குத் தள்ளு கேற் போட்டால் சரிவாக வந்து நிற்கும் என்று தெரிந்தது. அதைப் பிளானில் காட்டினோம். நீங்களும் செலவு செய்து ஒரு பகுதியைத் தீர்க்கிறீர்கள் என்பது கோப்பில் தெரிய வேண்டும்.

குழிக்கு மேல் கொங்கிறீட் தட்டுப் போட்டு அதன்மேல் நிறுத்தலாம். காரின் பாரம் தாங்கும்படி பொறியியலாளர் கணக்கிட்டுக் கொடுத்தால் இது நல்ல வழிதான். ஆனால் மூடி திறக்க வேண்டும், பவுசர் குழாய் எட்ட வேண்டும், முன்வாசல் அடைபடக் கூடாது. எங்களுக்கு வாசலில் சிக்கியது. அதையும் ஏன் முடியவில்லை என்று எழுதினோம்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார். ஒரே குடும்பம் என்றால் சில வேளை ஏற்பார்கள், வாடகைக்கு விடும் மாடிக்குச் சரிவராது, பின்னால் நிற்பவர் வெளியேற முன்னால் நிற்பவரின் தயவு வேண்டும்.

அதே ஒழுங்கையில் மாமாவின் காணியில் நிறுத்தலாமா? நிறுத்தலாம், ஆனால் எழுத்து வேண்டும். காணி மேல் உரிமை தரும் உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி வைத்த கடிதத்தை நம்பி யாரும் அனுமதி தரமாட்டார்கள். மாமாவின் காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால் அங்கேயும் பிரதேச செயலாளரின் சம்மதம் தேவை.

பின்னால் வயல் இருக்கிறது, கொஞ்சம் கிரவல் கொட்டி நிரப்பினால் போதும் என்று சிலர் யோசிப்பார்கள். செய்யாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயலை அனுமதியில்லாமல் நிரப்பக் கூடாது. குள ஒதுக்கிலும் அப்படியே. நம்முடைய ஊர்களில் வெள்ளம் வீட்டுக்குள் வருவதே இப்படி நிரப்பிய இடங்களால்தான், இதை நான் சும்மா சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

6. கடிதம் எழுதுங்கள், குறைந்ததைக் கேளுங்கள்

நான் பார்த்த கடிதங்களில் அநேகமானவை ‘நான் ஒரு வறிய குடும்பத்தைச் சேர்ந்தவர், யுத்தத்தில் எல்லாம் இழந்தவர், தயவுசெய்து’ என்று தொடங்குகின்றன. அந்தத் துன்பம் உண்மை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குழுவின் மேசையில் இருக்கும் கேள்வி இந்த நிலத்தில் இரண்டாவது கார் நிற்குமா நிற்காதா என்பது மட்டுமே. அதற்கு உங்கள் கடிதம் பதில் சொல்லாவிட்டால் இரக்கப்படுகிற அதிகாரியாலும் கையெழுத்து வைக்க முடியாது.

அதேபோல் ‘எங்களிடம் கார் இல்லை, மோட்டார் சைக்கிள் மட்டும்தான்’ என்பதும் எடுபடாது. அனுமதி காணிக்குக் கிடைப்பது, ஆளுக்கு அல்ல. நாளைக்கு வீட்டை வாங்குகிறவர் ஒரு பட்டா வாகனமோ ஹயஸ் வானோ வைத்திருக்கலாம், அது ஒழுங்கையில் நின்றால் அம்புலன்ஸ் உள்ளே வராது. இந்தப் பயம் அவர்களுக்கு நியாயமானது, ஆகவே அதற்கே பதில் எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். இப்படி ஓடினால் போதும்:

‘மேற்படி காணியில் இரண்டு குடியிருப்பு அலகுகளுக்கு இரண்டு தரிப்பிடங்கள் தேவை. ஒன்று பிளானில் காட்டப்பட்டுள்ளது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் பேணவேண்டிய தூரம் காரணமாகக் குழி முன்வளவில் அமைந்துள்ளது, முன்வளவின் ஆழம் 3.4 மீற்றர், ஒழுங்கையின் அகலம் 3 மீற்றர். இதனால் இரண்டாவது தரிப்பிடத்தை வளவுக்குள் அமைக்க முடியாதுள்ளது. ஆராய்ந்த மாற்று வழிகள் இணைப்பில். ஆகவே ஒரு தரிப்பிடத்துக்கு மட்டும் தளர்வு கோருகிறேன். பக்கச் சந்தில் நான்கு மோட்டார் சைக்கிள்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, ஒழுங்கையில் வாகனம் நிறுத்தப்படமாட்டாது.’

‘ஒரு தரிப்பிடத்துக்கு மட்டும்’ என்ற அந்தச் சொற்கள் முக்கியம். முழு விலக்குக் கேட்டுவிட்டுப் பாதி கிடைத்தால் போதும் என்று பேரம் பேசும் பழக்கம் இங்கே உதவாது. ஒன்று வைக்க முடிந்த காணிக்கு இரண்டுக்கும் விலக்குக் கேட்டால் கோப்பு முழுவதும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

இணைப்புகள்: காணிப் பத்திரம், நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், தகுதியுள்ளவர் வரைந்து கையொப்பமிட்ட பிளான், அளவுகளோடு முன்வளவு வரைபடம், படங்கள், மாற்று வழிக் குறிப்பு. முன்வளவை வீட்டுப் பிளானின் மூலையில் சிறிதாகப் போடாமல் தனித் தாளில் பெரிதாக வரையச் சொல்லுங்கள், கார் எந்தப் பாதையால் திரும்பி வருகிறது என்பதையும் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மொழி பற்றி ஒரு சொல். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழிலேயே கொடுங்கள். ஆனால் கோப்பு பத்தரமுல்லை செத்சிறிபாயவில் இருக்கும் தலைமை அலுவலகம் வரை போகக்கூடியது என்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கச் சுருக்கம் ஒன்று வைத்துவிட்டால் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சம்.

7. கையளித்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்

கோப்பு முழுவதற்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்கி வாருங்கள். கட்டணப் பற்றுச்சீட்டில் விண்ணப்ப இலக்கம் இருக்கிறதா என்று கரும பீடத்திலேயே பார்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் ‘கோப்பைக் காணவில்லை’ என்ற பதிலுக்கு உங்களிடம் மறுமொழி இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த முத்திரை இல்லாததால் முழு விண்ணப்பத்தையும் திரும்பக் கொடுக்க நேர்ந்தது, கட்டணத்தையும் சேர்த்து.

8. களப்பார்வை நாளில் வீட்டில் நில்லுங்கள்

வருகிறவர்கள் அதிக நேரம் நிற்கமாட்டார்கள். அந்த நேரத்துக்குள் அவர்கள் பார்க்க வேண்டியது தெரிய வேண்டும். முதல் நாளே கட்டங்களைச் சுண்ணாம்பால் போட்டு வையுங்கள். குழி மூடியின் மேல் கிடக்கும் விறகு, தகரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். ஒரு காரை இரவல் வாங்கி, காட்டிய இடத்தில் நிறுத்திக் காட்ட முடிந்தால் அதைவிடப் பெரிய சான்று இல்லை.

முக்கியமாக, அன்றைக்கு ஒழுங்கையில் உங்கள் வீட்டு வாகனம் எதுவும் நிற்கக் கூடாது. அயலவரின் லான்ட்மாஸ்டர் நின்றாலும் முதல் நாளே போய் ‘அண்ணை, நாளைக்குக் காலமை கொஞ்சம் உள்ள விடுங்கோ’ என்று சொல்லிவிடுங்கள். அப்படிப் போகும்போது விடயத்தையும் விளக்கிவிடுங்கள். அயலவர் முறைப்பாடு கொடுத்த கோப்பு மாதக்கணக்கில் நிற்கும், பெரும்பாலும் அவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கோபம்தான் அந்த முறைப்பாட்டின் வேர்.

9. முடிவுக் கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள்

திட்டமிடல் குழுவின் முடிவு நிபந்தனையோடுதான் வரும். கேற் அகலம், மோட்டார் சைக்கிள் இடத்தைக் கூரை போட்டு மூடக் கூடாது, மாடியை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, இப்படி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஏற்பாட்டில் குறையும் தரிப்பிடத்துக்கு ஈடாகச் சேவைக் கட்டணம் அறவிடும் முறையும் உண்டு. அப்படிக் கேட்டால் எந்த விதியின் கீழ், எத்தனை தரிப்பிடத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, சபையின் பற்றுச்சீட்டுக்கே காசைக் கட்டுங்கள். கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு மட்டும் அனுமதி ஆகாது. அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் மேசனுக்கு நாள் சொல்ல வேண்டும்.

‘வாய்மொழியாக ஓம் என்று சொல்லிவிட்டார்கள்’ என்று அத்திவாரம் வெட்டியவர்களுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அனுமதியில்லாத கட்டடத்தை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும், கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை வரை போகும். அந்தக் கட்டத்தில் தளர்வு கேட்பது மிகக் கடினம்.

10. மறுத்தால்

எந்த விதி, எந்தக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். ‘தரிப்பிடம் போதாது’ என்பது நீங்களே சொன்னது, அது காரணம் ஆகாது. தளர்வு ஏன் பொருந்தாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

சொல்ல மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். திட்டமிடல் குழுவின் கூட்டக் குறிப்பில் உங்கள் விண்ணப்பம் பற்றிய பகுதி, களப்பார்வை அறிக்கை இரண்டையும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். இல்லை என்றால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு.

அறிக்கை கைக்கு வந்தால் அநேகமாக ஒரு பிழை அளவோ பார்க்காமல் விட்ட ஒரு குழி மூடியோ கண்ணில் படும். அதை மட்டும் திருத்தி, புதிய வரைபடத்தோடு மீளாய்வு கேளுங்கள். பழைய கடிதத்தையே இன்னும் கோபமாக எழுதி அனுப்பினால் பழைய பதிலே வரும்.

11. கட்டும்போதும் கட்டி முடித்த பிறகும்

அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் ஓராண்டுக்குச் செல்லும், முடிய முன்பே நீட்டிப்புக்குக் கொடுங்கள். காலாவதியானால் தளர்வையும் சேர்த்துத் திரும்பக் கேட்க நேரலாம்.

கேற் வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எல்லோரும் தள்ளுவார்கள், மாடிக்கு மாபிள் பதித்து முடிய காசு தீர்ந்துவிடும், பழைய கேற்றே நிற்கும். பிறகு இணக்கச் சான்றிதழுக்கு வந்து பார்க்கிறவர் முதலில் பார்ப்பது அந்தக் கேற்றைத்தான், ஏனென்றால் தளர்வே அந்த நிபந்தனையில் கொடுத்தது. அந்த அக்கா வீட்டில் தூண் எழும்ப முன்பே மதிலை உடைத்துக் கேற்றைப் போட்டுவிட்டோம், மணலும் கல்லும் இறக்கவும் அது வசதியாகப் போனது.

இணக்கச் சான்றிதழ் கிடைத்ததும் தளர்வுக் கடிதம், அனுமதிப்பத்திரம், முத்திரை குத்திய பிளான், கட்டணப் பற்றுச்சீட்டு நான்கையும் ஸ்கான் பண்ணி வையுங்கள், ஒரு தொகுதி வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் இருக்கட்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் எடுக்கும்போதும் மாடியை மகள் பெயருக்கு எழுதும்போதும் இவற்றைத்தான் கேட்பார்கள்.